நூவலாவின் முந்நூறு கிராம் போர்வை

1

ஊரிலிருந்து இதை வாசிப்பவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இங்கே, இத்தாலியின் பலெர்மோவில், குதிரைக்குக் குளிர்கால உடுப்பு உண்டு. ஒன்றல்ல, பல. உள்ளே பஞ்சே இல்லாமல் மழைக்கு மட்டும் போடுவது ஒன்று. நூறு கிராம் பஞ்சு வைத்தது, இருநூறு, முந்நூறு என்று தடிப்பு ஏறிக்கொண்டு போகும். ஓடிவிட்டு வந்த குதிரையின் வியர்வை காயும்வரை போடுவதற்கு மெல்லிய துணியில் வேறொன்று. இன்னும் ஒரு கூத்து இருக்கிறது. உடுப்புப் போடுவதற்கு முன்னால், குதிரை தானாக வளர்த்து வைத்திருக்கும் குளிர்கால உரோமத்தை மெசினால் வெட்டுவார்கள். இருப்பதை வெட்டுவது, பிறகு வெட்டியதற்குப் பதிலாகக் கடையில் போர்வை வாங்குவது. இதை அம்மாவுக்கு விளக்க எனக்கு ஒரு முழுக் கிழமை போனது.

"கடவுள் குடுத்ததை வெட்டிப்போட்டு நீங்கள் காசுக்கு வாங்கிப் போடுவியளோ? மன்னாரில கழுதையள் மழைக்க நிண்டு நனைஞ்சு, அந்த இடத்திலயே காயுதுகள். ஒண்டும் சளி பிடிச்சுச் செத்ததாய் நான் கேள்விப்படேல்லை."

"அதுகள் வேலை செய்யிறேல்லையே அம்மா."

"உன்ர குதிரையள் மட்டும் என்ன, மூட்டை சுமக்குதோ?"

அம்மா விளையாட்டாகத்தான் கேட்டாள். ஆனால் முழு விஷயமும் அந்தக் கேள்விக்குள்தான் இருந்தது. அது எனக்கு அப்போது விளங்கவில்லை.

நான் முதன்முதலாக ஒரு குதிரையின் உரோமத்தை வெட்டி இந்தக் கிழமையோடு ஒரு வருடம். நேற்றுக் காலை குதிரைகளின் சொந்தக்காரி சிஞ்ஞோரா மெசினைப் பெட்டியிலிருந்து எடுத்து, எண்ணெய் விட்டு, லாயத்து மேசையில் வைத்திருந்தார். அதைப் பார்த்ததுமே தோள் இரண்டும் இறங்கிவிட்டன. எனக்கு இருபத்துநான்கு வயது. களைக்கிற வயதில்லை என்று எல்லோரும் சொல்கிறார்கள். சொல்கிறவர்கள் யாரும் காலை ஐந்தரைக்கு ஒரேத்தோ வீதியில் பஸ்ஸுக்கு நிற்பதில்லை.

2

நான் இந்த வேலைக்கு எப்படி வந்தேன் என்பதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பன்னிரண்டு வயதில் மன்னாரிலிருந்து இங்கே அம்மாவிடம் வந்து சேர்ந்தேன். பள்ளிக்கூடத்தை நன்றாக முடித்தேன். பல்கலைக்கழகத்தில் உயிரியல் இரண்டு வருடம் படித்தேன், மூன்றாம் வருடம் விட்டுவிட்டேன். ஏன் என்று கேட்டால் இன்றைக்கும் ஒழுங்கான பதில் இல்லை. ஒரு கதிரையில் தொடர்ந்து இருக்க முடியவில்லை, அவ்வளவுதான். படிப்பை விட்டதும் படிப்புக்காகத் தந்த பெர்மெஸ்ஸோவும் என்னை விட்டுப் போகப் பார்த்தது. இந்த நாட்டில் நான் இருக்கலாம் என்று சொல்லும் தாள் அது. அதைப் புதுப்பிக்க இனி வேலை ஒப்பந்தம் ஒன்று வேண்டும்.

அம்மா நகரத்துக்குள் கபோ என்ற பகுதியில் ஒரு மூதாட்டியைப் பராமரிக்கிறாள். குளிப்பாட்டி, சாப்பாடு தீத்தி, மருந்து கொடுத்து, பதினோரு வருடமாக. அதே கட்டடத்தில் எனக்கும் ஒரு வீட்டு வேலை பார்த்து வைத்திருந்தாள். நான் மாட்டேன் என்றேன். இந்த நகரத்தில் எங்கள் ஆட்களில் முக்கால்வாசிப் பேர் செய்வது வீட்டு வேலைதான். அதில் குறைவு ஒன்றுமில்லை என்று தேவாலயத்தில் எல்லோரோடும் சேர்ந்து நானும் தலையாட்டுவேன். ஆனாலும் மாட்டேன் என்றேன்.

நகரத்துக்கு வெளியே சியாகுல்லியில், மண்டரின் தோடம்பழத் தோட்டங்களுக்கு நடுவில், ஒரு சிஞ்ஞோராவுக்கு நான்கு குதிரைகள் இருந்தன. அவருடைய சொந்தக் குதிரைகள்தான். சனி ஞாயிறுகளில் பேரப்பிள்ளைகளும் அயல்வீட்டுப் பிள்ளைகளும் ஏறி, நடந்து, கொஞ்சம் ஓடிப் பார்ப்பார்கள். மற்ற நாட்களில் சும்மா நிற்கும். சிஞ்ஞோரா சொன்னது இதுதான்: குளிர்காலம் தொடங்குகிறது, நீ பார்த்துக்கொள், குதிரைகள் நல்லாய் இருந்தால் ஜனவரியில் ஒப்பந்தம் எழுதுகிறேன். என் பெர்மெஸ்ஸோ முடிவது பெப்ரவரியில். கணக்குச் சரியாக இருந்தது.

"ஒரு குளிர்காலம்தான்," என்றாள் அம்மா. "அதுக்குள்ள அந்த மனிசி எழுதித் தராட்டில், பேசாமல் என்னோட கபோவுக்கு வாறாய்."

"ஓம்," என்றேன்.

3

எனக்கு ஒரு விஷயம் பிடித்துவிட்டால் அதை விடமாட்டேன். இரண்டு கிழமைக்குள் குதிரை உரோமம் பற்றி இணையத்தில் இருந்த எல்லாவற்றையும் பார்த்துவிட்டேன். பெரும்பாலும் இங்கிலாந்துக்காரர்களின் வீடியோக்கள். பனி மூடிய வயல்களில் நின்று கதைக்கிறார்கள். அங்கே ஒரு குதிரைக்கு ஏழெட்டுப் போர்வை. நான் ஒரு பெரிய தாளில் படம் கீறினேன். கழுத்தின் அடிப்பக்கமும் நெஞ்சும் வயிற்றில் ஒரு பட்டியும் மட்டும் வெட்டுவது முதல் வகை. கழுத்தையும் விலாவையும் முழுக்க வெட்டி, முதுகில் மட்டும் போர்வை விரித்ததுபோல உரோமத்தை விடுவது இரண்டாவது. காலையும் சேணம் வைக்கும் இடத்தையும் மட்டும் விட்டு மற்றதெல்லாம் எடுப்பது மூன்றாவது. நான்காவது, முழு மொட்டை.

சிஞ்ஞோரா என் தாளைக் கண்ணாடி போட்டுப் பார்த்தார். அவர் பேசுவது பலெர்மோ இத்தாலியன். என் தலைக்குள் அது எங்கள் வீட்டுத் தமிழாகத்தான் நிற்கிறது, அப்படியே எழுதுகிறேன்.

"நல்லாய்க் கீறியிருக்கிறாய். ஆனா ஏன் வெட்டுறம் எண்டு சொல்லு பாப்பம்."

"வேலை செய்யேக்க வேர்க்கும். தடிச்ச உரோமத்தில வேர்வை காயாது. ஈரத்தோட நிண்டால் குளிர் பிடிக்கும்."

"எங்கட குதிரையள் எவ்வளவு வேலை செய்யுதுகள்?"

"கிழமைக்கு மூண்டு மணித்தியாலம்."

"எங்கை வேர்க்குது?"

"நெஞ்சில. கழுத்துக்குக் கீழ."

"அப்ப ஏன் விலாவை வெட்டப் பாக்கிறாய்?"

என்னிடம் பதில் இருந்தது. இங்கிலாந்து வீடியோக்களில் கேட்ட பதில். சீராகக் காயும், சுத்தப்படுத்த இலகு, பார்க்க வடிவு என்று ஐந்து நிமிடம் அடித்து விட்டேன். சிஞ்ஞோரா கடைசியில் கையை விரித்தார்.

"சரி. மூண்டுக்கு என்ர சொல்லு. நூவலாவுக்கு உன்ர சொல்லு. ஆனா ஒண்டு ஞாபகம் வைச்சிரு. வெட்டினால் போர்வை போட வேணும். போர்வை போட்டால் ஒவ்வொரு நாளும் போட வேணும், கழட்ட வேணும், கை விட்டுப் பாக்க வேணும். அது பேந்து குதிரையின்ர வேலையில்லை, உன்ர வேலை."

நூவலா சாம்பல் நிறப் பெண்குதிரை. பெயருக்கு முகில் என்று அர்த்தம். குணத்தில் முகிலும் இல்லை ஒன்றும் இல்லை, வாளியைக் காலால் உதைத்துக் கவிழ்ப்பாள். முதல்நாள் குளிப்பாட்டிக் காயவிட்டேன், அழுக்கு இருந்தால் மெசின் பல் மொட்டையாகிவிடும். சோக்கட்டியால் இரண்டு பக்கமும் ஒரே உயரத்தில் கோடு போட்டேன். மெசினை முதலில் அவள் தோளில் அணைத்து வைத்து, சத்தம் பழகும்வரை நின்றேன். பிறகு உரோமம் படிந்திருக்கும் திசைக்கு எதிராக மெதுவாகத் தள்ளிக்கொண்டு போனேன். பல் சூடேறுகிறதா என்று அடிக்கடி என் கன்னத்தில் வைத்துப் பார்த்தேன். மூன்று மணித்தியாலம். முடிந்தபோது என் மூக்கு, வாய், சட்டைக்குள் எல்லாம் குதிரை உரோமம். நூவலா கோட்டுக்குக் கீழே வெள்ளிபோல மினுங்கினாள். எவ்வளவு சந்தோஷப்பட்டேன் என்று எழுதவே வெட்கமாக இருக்கிறது.

4

எங்கள் வீட்டில் குளிர் என்பது ஒரு மதம்போல. ஒக்ரோபர் பிறந்ததும் அம்மா அலுமாரியின் மேல்தட்டைத் திறப்பாள். கம்பளித் தொப்பி, காதுப்பட்டி, கழுத்துத்துணி. வெளியே பதினெட்டுப் பாகை. எதிர்வீட்டு இத்தாலியர் அரைக்காற்சட்டையோடு நின்று சிகரெட் பிடிப்பார். நாங்கள் மட்டும் மலையேறப் போகிறவர்கள் மாதிரித் தெருவில் இறங்குவோம். மன்னாரில் வளர்ந்த உடம்புக்கு வெயில் சொந்தக்காரன், பனி எதிரி. வேர்த்த உடம்பில் பனி படக்கூடாது, உடனே மூடு: இது எங்கள் வீட்டில் செபத்துக்கு அடுத்த சொல்.

இதில் சேராதவள் என் தங்கச்சி ரொஷானி. பதினைந்து வயது, இங்கே பிறந்தவள்.

"எடியே, ஜக்கெற்றைப் போட்டுக்கொண்டு போ!"

"மா, கே கால்தோ! வெக்கையா இருக்கு."

"பனி இறங்குது பிள்ளை, பனி!"

"எந்தப் பனி மா? என்ர கிளாசில ஒருத்தரும் போடேல்ல. எனக்கு வெக்கம்."

"உனக்கு வெக்கம், எனக்கு வைத்தியம். சளி பிடிச்சால் உன்ர கிளாசோ வந்து பாக்கும்?"

அவள் ஜக்கெற்றை வாங்கிக்கொண்டு போய், மாடிப்படியில் பைக்குள் அமுக்கிவிடுவாள். எனக்குத் தெரியும். அம்மாவுக்கும் தெரியும் என்றுதான் நினைக்கிறேன். அவள் எங்களை விட்டு ஒவ்வொரு உடுப்பாகக் கழன்று போகிறாள் என்று நான் சில நாட்களில் கவலைப்படுவேன். பிறகு பஸ் வந்துவிடும்.

நான் அம்மாவின் பக்கம். உடம்பாலேயே அம்மாவின் பக்கம். அதுதான் பிழையாய்ப் போனது.

போன வருடம் நவம்பரில் ஒரு ஞாயிறு பின்னேரம் பிள்ளைகள் நூவலாவை வழமையைவிடக் கூட ஓட்டிவிட்டார்கள். நெஞ்சும் தோளும் ஈரம். தோட்டத்துக்குள் இருந்து குளிர் ஏறத் தொடங்கியிருந்தது, என் பற்கள் அடித்தன. முதலில் மெல்லிய துணியைப் போட்டு, நடத்தி, காய்ந்த பிறகுதான் தடித்ததைப் போட வேண்டும். இதை நானே என் தாளில் எழுதியிருந்தேன். ஆனால் அந்த நேரத்தில் என் கை தாளைக் கேட்கவில்லை. வேர்த்த உடம்பில் பனி படக்கூடாது. முந்நூறு கிராம் போர்வையை எடுத்து, ஈரத்தோடு, கழுத்துவரை மூடி, வார் எல்லாவற்றையும் இறுக்கினேன். போனில் வெப்பநிலை பார்த்தேன். இரவு எவ்வளவு இறங்கும் என்று மட்டும் பார்த்தேன். ஒன்பது பாகை. நாளை பகல் எவ்வளவு ஏறும் என்று பார்க்கத் தோன்றவே இல்லை. மன்னார்க்காரி ஏன் வெயிலைப் பார்த்துப் பயப்படப் போகிறாள்?

அடுத்த நாள் திங்கள் எனக்குக் குவெஸ்தூராவில், அதாவது பொலிஸ் தலைமையகத்தில், தவணை. பெர்மெஸ்ஸோவுக்கு விரலடையாளம் கொடுக்கும் நாள், நான்கு மாதம் காத்திருந்து கிடைத்தது. விடிய நான் வர முடியாது என்பது சிஞ்ஞோராவுக்குத் தெரியும். அவரும் மகளிடம் போகிறார், பின்னேரம்தான் திரும்புவார். ஆறு மணிக்கு எல்லாக் குதிரைகளையும் வெளி அடைப்பில் விட்டு வைக்கோல் போட்டுவிட்டுப் போவதாகச் சொன்னார். "நூவலாவின்ர போர்வையைக் காலமை கழட்டவோ?" என்று கேட்டார்.

"வேண்டாம், குளிரும்," என்றேன் நான்.

5

குவெஸ்தூரா வரிசை பற்றி ஊரில் உள்ளவர்களுக்கு ஏற்கெனவே பலர் எழுதியிருப்பார்கள். நான் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. ஏழு மணிக்குத் தவணை என்றால் ஒன்பதரைக்கும் வெளியேதான் நிற்போம். எனக்கு முன்னால் நெடுந்தீவு அண்ணை ஒருவர் நின்றார். முப்பது வயது இருக்கும், ஒரு ஹோட்டல் குசினியில் வேலை. அவரும் என்னைப் போலவே தடித்த ஜக்கெற்.

எட்டரைக்குக் காற்று திரும்பியது. சிரோக்கோ. ஆபிரிக்காவிலிருந்து கடல் தாண்டி வரும் காற்று. நவம்பரிலும் வரும், சொல்லாமல் வரும். முதலில் தூசு, பிறகு அடுப்பைத் திறந்ததுபோல ஒரு மூச்சு. வரிசையில் எல்லோரும் உடுப்பைக் கழற்றத் தொடங்கினார்கள். நானும் ஜக்கெற்றைக் கழற்றினேன். பிறகு சுவெற்றரை. இரண்டையும் கையில் தொங்கவிட்டுக்கொண்டு நின்றபோது முதுகில் வியர்வை ஓடுவது தெரிந்தது. அப்போதுதான் நூவலாவின் போர்வை நினைவுக்கு வந்தது.

சிஞ்ஞோராவுக்கு அடித்தேன். அவர் எடுக்கவில்லை. இன்னும் ஒருமுறை அடித்தேன். தோட்டத்தில் வேறு யாருடைய இலக்கமும் என்னிடம் இல்லை.

"என்ன தங்கச்சி, முகம் செத்துப் போச்சு?" என்றார் நெடுந்தீவு அண்ணை.

சொன்னேன். அவர் சிரித்துவிட்டார்.

"குதிரைக்கு வேர்க்குதெண்டோ அழுறாய்? எங்கட தீவில குதிரையள் கூட்டமாய்த் திரியுதுகள். மழை, வெயில், காத்து. ஒருத்தனும் சட்டை தைச்சுக் குடுக்கேல்லை."

"அதுகளுக்கு ஆரும் உரோமம் வெட்டேல்லை அண்ணை. நான் வெட்டினனான். நான்தான் போட்டு இறுக்கினனான்."

"அதுவாய்க் கழட்டாதோ?"

"ஏலாது. நாலு வார்."

அவர் சிரிப்பை நிறுத்தினார். "அப்ப கஷ்டம்தான். ஆரும் போடாட்டில் ஆரும் கழட்டத் தேவையில்லை. நீ போட்டிட்டாய்." பிறகு கதவைப் பார்த்தார். "இன்னும் ஒரு பத்துப் பேர்தான் தங்கச்சி. விட்டால் இனி எந்த மாசம் தருவாங்களோ."

எனக்கு அது தெரியாதா? தாள் இல்லாவிட்டால் வேலை இல்லை. குதிரைக்கு ஏதாவது ஆனால் ஒப்பந்தம் இல்லை. ஒப்பந்தம் இல்லாவிட்டால் தாளும் இல்லை. இரண்டும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு நின்றன, நடுவில் நான் சுவெற்றரோடு.

"நான் போறன் அண்ணை."

"விசரி. சரி போ. கூப்பிட்டால் கக்கூசுக்குப் போட்டாள் எண்டு சொல்லுறன். ஆனா ரெண்டு மணித்தியாலம் ஒருத்தரும் கக்கூசில இரார், கண்டியோ."

6

இரண்டு பஸ். ஐம்பது நிமிடம். கடைசி வளைவிலிருந்து ஓடினேன்.

மற்ற மூன்றும் மதில் நிழலில் நின்று வைக்கோல் தின்றன. நூவலா நடு வெயிலில் தலையைத் தொங்கப் போட்டபடி நின்றாள். விலா வேகமாக ஏறி இறங்கியது. வார்களைக் கழற்ற என் விரல் வழுக்கியது. போர்வையைத் தூக்கியபோது ஆவி முகத்தில் அடித்தது. உள்துணியைப் பிழியலாம், அவ்வளவு ஈரம். நான் வெட்டிய இடத்தில், தோளில் இரண்டு பக்கமும், ஈரப் போர்வை தேய்த்துத் தேய்த்துத் தோல் சிவந்து உரிந்திருந்தது. வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றி, வழித்து, நிழலில் நடத்தி, மறுபடி ஊற்றினேன். மத்தியானம் தாண்டித்தான் மூச்சு ஒழுங்குக்கு வந்தது. அன்றைக்கு அவள் வாளியை உதைக்கவில்லை.

சிஞ்ஞோரா பின்னேரம் வந்தார். வேலியில் தொங்கிய போர்வையைப் பார்த்தார், இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது. நூவலாவின் தோளைப் பார்த்தார். நான் ஞாயிறு பின்னேரத்திலிருந்து எல்லாவற்றையும் சொன்னேன்.

"இண்டைக்குத்தானே உனக்குக் குவெஸ்தூரா?"

"ஓம். விட்டிட்டு வந்திட்டன்."

அவர் போனைக் கையில் எடுத்தார். புகழ்வார் என்று எதிர்பார்த்தேனோ தெரியாது. இருபத்துமூன்று வயதில் மனம் அப்படி ஏதாவது எதிர்பார்க்கும்.

"உனக்குக் குளிருதெண்டு குதிரையை அவிச்சுப் போட்டாய். குதிரைக்காக உன்ர தாளையும் விட்டிட்டாய். ஒண்டையாவது ஒழுங்காய்ச் செய்திருக்கலாம், ஜெனி." மிருக வைத்தியருக்குப் போன் அடித்துக்கொண்டே திரும்பிச் சொன்னார்: "ஜனவரியில ஒண்டும் எழுதமாட்டன். அடுத்த குளிருக்குப் பாப்பம்."

7

அடுத்த தவணை மார்ச்சில் தந்தார்கள். அதற்குள் பெர்மெஸ்ஸோ முடிந்து, ஒரு ரசீதைக் காட்டிக்கொண்டு திரிந்தேன். கடைசியில் வேலை தேடுகிறவர்களுக்கு என்று ஒரு வருடத்துக்கு ஒரு தாள் கிடைத்தது. அதோடு சரி, இரண்டாம் முறை தரமாட்டோம் என்றார்கள். காலையில் சியாகுல்லியில் மணிக்கணக்குச் சம்பளத்துக்குக் குதிரை. பின்னேரம் அம்மா பிடித்துத் தந்த கட்டடத்தில் மாடிப்படி கழுவுவது. இப்படியே ஒரு வருடம். ஒவ்வொரு நாளும் குதிரையின் தோளுக்குப் பின்னால் கையை வைத்துப் பார்த்தேன், போர்வை இருந்தாலும் இல்லாவிட்டாலும். சூடா, குளிரா, ஈரமா. என் உடம்பிடம் கேட்பதை நிறுத்த எனக்கு ஒரு வருடம் எடுத்தது. நான் இன்னும் காதுப்பட்டிதான் போடுகிறேன், அது வேறு கதை.

நேற்று மெசினை மேசையில் வைத்துவிட்டு சிஞ்ஞோரா கேட்டார்:

"எங்கை வெட்டப் போறாய்?"

"கழுத்துக்குக் கீழ. நெஞ்சு. வயித்தில ஒரு சாண் பட்டி."

"நாலுக்குமோ?"

"ரெண்டுக்கு. மற்ற ரெண்டுக்கும் வேர்க்கிறேல்லை, வெட்டத் தேவையில்லை."

"போர்வை?"

"விடாமல் மழை பெஞ்சால் பஞ்சில்லாதது. மற்றும்படி ஒண்டும் வேண்டாம்."

படம் கீறச் சொல்வாரோ, காரணம் கேட்பாரோ என்று நின்றேன். ஒன்றும் கேட்கவில்லை. இருபது நிமிடத்தில் நூவலா முடிந்தாள். தூரத்திலிருந்து பார்த்தால் வெட்டியதே தெரியாது. நான் கை கழுவி வரும்போது சிஞ்ஞோரா ஒரு உறையை நீட்டினார். கணக்காளர் எழுதிய ஒப்பந்தம்.

"முதல் வாசி. பேந்து கையெழுத்துப் போடு."

பஸ்ஸில் வாசித்தேன். இரண்டு முறை வாசித்தேன். வீட்டுக்கு வந்து ரொஷானியிடம் கொடுத்தேன். அம்மாவுக்கு இத்தாலியன் கதைக்க வரும், வாசிக்க வராது. குசினி மேசையில் வைத்து ரொஷானி விரலை ஓட்டினாள்.

"மா, இது வீட்டு வேலை ஒப்பந்தம். உன்ரை மாதிரி."

"என்ன? குதிரைக்கெண்டு சொன்னாள்?"

"சொந்தக் குதிரை எண்டதால வீட்டு வேலைக்குள்ளதான் வருமாம். இஞ்சை பார், லிஸ்ற். துப்புரவு செய்யிறவை, துணி தோய்க்கிறவை, குசினி உதவி... குதிரை லாயம் பாக்கிறவை. அக்கா இதுக்குள்ள."

நான் அம்மாவின் முகத்தைப் பார்க்கவில்லை. 'அப்பவே சொன்னனான்' என்ற சொல்லுக்காகக் காத்திருந்தேன். அம்மா எழுந்து போய், தன் ஒப்பந்தத்தை உறையோடு எடுத்து வந்து பக்கத்தில் வைத்தாள்.

"ரெண்டையும் பாத்துச் சொல்லு."

"அக்கா ‘ஏ’ தரம். நீ ‘சி’."

"‘ஏ’ எண்டால் பெரிசல்லோ?"

"இல்லை மா. இதில ‘ஏ’தான் ஆகக் கீழ. நீ அக்காவைவிட மேல."

ரொஷானிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எனக்கும் வந்தது, அதற்குள் கண்ணும் எரிந்தது. இரண்டு வருடப் பல்கலைக்கழகம், ஒரு வருடக் குதிரை, ஒரு வருட மாடிப்படி. சுற்றிச் சுற்றி அம்மாவுக்கு இரண்டு படி கீழே வந்து நிற்கிறேன்.

அம்மா சிரிக்கவில்லை.

"எவ்வளவு காலத்துக்கு?"

"முடிவுத் திகதி போடேல்லை," என்றேன். "நிரந்தரம்."

"பெர்மெஸ்ஸோவுக்குக் காணுமோ?"

"காணும்."

அம்மா மேசையில் இருந்த சோற்றுப்பருக்கையைக் கையால் வழித்து எடுத்தாள். சேலைத் தலைப்பால் அந்த இடத்தைத் துடைத்தாள். தாளை எனக்கு நேராகத் திருப்பி வைத்தாள்.

"நானும் ‘ஏ’யிலதான் தொடங்கினனான், பிள்ளை. போடு."

போட்டேன்.